அட்வெக்ஷன் – காவுகை

நிலத்தடி நீரில் கரைந்துவிட்ட நைட்ரேட்டோ ஆர்செனிக்கோ எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகரும் என்று கணக்கிடும் கணினி மாதிரிகளில் முதலில் எதிர்ப்படும் சொல் அட்வெக்ஷன். ஓடும் நீர் தன்னில் கரைந்திருப்பதையும் கூடவே கொண்டுபோவதுதான் அது.

வேர் லத்தீன். 'அத்' என்றால் நோக்கி. 'வெஹெரே' என்றால் சுமந்து செல்லுதல். சூடான நீரோ காற்றோ நகர்ந்து வெப்பத்தைக் கொண்டுசெல்லும் கன்வெக்ஷனும், நோய் பரப்பும் கொசுவைக் குறிக்கும் வெக்டரும் இதே வேரில் கிளைத்தவை. வடமொழி வழியாக நம்மிடம் வந்த வாகனமும் இதற்குத் தூரத்து உறவு.

தமிழில் 'கடத்தல்' என்று எழுதிவிடத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெப்பக்கடத்தலில் பொருள் இடம்பெயர்வதில்லை. இங்கே பெயர்வதே பொருள்தான். (செய்தித்தாளில் அச்சொல் படும் பாடு தனிக்கதை.) இலங்கைத் தமிழில் கன்வெக்ஷன் மேற்காவுகை, நோய் பரப்பும் உயிரி நோய்க்காவி. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியில் இருப்பதும் அந்தக் 'கா'தான். லத்தீன் வேரின் பொருள் சிந்தாமல் வந்துவிடுகிறது. ஆகவே காவுகை.

காவுகை வேகத்தைக் கணக்கிடுவதில் தவறிவிடக்கூடிய ஓர் இடம் உண்டு. பிரான்சின் டிஜோன் நகரில் மணல் வழியே நீரைச் செலுத்திப் பார்த்து 1856இல் ஆன்றி டார்சி வெளியிட்ட விதி தருவது, மணலையும் சேர்த்த முழுக் குறுக்குவெட்டுக்கான வேகம். நீர் ஓடுவதோ மணலின் இடுக்குகளில் மட்டும். எனவே நுண்துளைமையால், அதாவது மொத்தக் கனஅளவில் இடுக்குகளின் பங்கால், வகுக்க வேண்டும். டார்சி வேகம் நாளுக்கு 0.03 மீட்டர், நுண்துளைமை 0.3 என்றால் உண்மை வேகம் 0.1 மீட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 36 மீட்டர். குளோரைடு இந்த வேகத்திலேயே போய்விடும். மண்துகளில் ஒட்டி ஒட்டி விடுபடும் பொருளுக்குத் தாமதக் காரணி (நீரைவிட எத்தனை மடங்கு மெதுவாக நகரும் என்ற எண்) 5 என்றால், அதே ஓராண்டில் 7 மீட்டர் சொச்சம்தான். கனடாவின் போர்டன் என்ற இடத்தில் 1982இல் மணற்படுகைக்குள் கரைசலைச் செலுத்திக் கண்காணித்தபோதும் குளோரைடு முந்தியது, குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் பின்தங்கின.

காவுகையோடு ஒட்டியே வருவது டிஸ்பர்ஷன். இடுக்குக்கு இடுக்கு நீரின் வேகம் வேறுபடுவதால் மாசு போகப்போக அகன்று நீர்த்துப்போவது. ஒளியியலின் 'நிறப்பிரிகை' இங்கே உதவாது. 'சிதறிப் பரவல்' என்பேன்.

இதில் கணினி தன் பங்குக்கும் கொஞ்சம் பரப்பிவிடும். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காவுகையைக் கணக்கிடும்போது, கூர்மையாக இருக்க வேண்டிய மாசின் முன்விளிம்பு ஒவ்வொரு கட்டத்திலும் சற்றே மழுங்குகிறது. படுகையில் இல்லாத இந்தப் பரவல் எண்வழிச் சிதறல். கட்டத்தைச் சிறிதாக்கினால் குறையும், கணக்கிடும் நேரம் கூடும். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கோனிகோவும் பிரெடஹோஃப்டும் 1978இல் வெளியிட்ட நிரல் வேறு வழியில் போனது: காவுகைக்கு மட்டும் கட்டங்களை விட்டுவிட்டு, நீரோட்டத்தோடு நகரும் கற்பனைத் துகள்களைப் பின்தொடர்ந்தது.