ஃபைட்டர் மீனுக்கு ஏன் டம்ளர் போதாது?

கோவையில் பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "நானும் தோழியும் கல்லூரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் திரும்புவோம். பரீட்சை சமயத்தில் நாங்கள் சாப்பிடவே மறந்துவிடுவோம். இந்த அறையில் என்ன வளர்க்கலாம்?"

நாய், பூனை இரண்டும் வேண்டாம் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. முயலுக்கு நம் ஏப்ரல், மே வெயில் பெரிய தண்டனை. ஹாம்ஸ்டர் ராத்திரியில் விழித்திருந்து சக்கரம் ஓட்டும். மறுநாள் பரீட்சை என்றால் உங்களுக்குத் தூக்கம் போகும். லவ் பேர்ட்ஸ் கூட்டமாக வாழும் பறவை, நாள் முழுக்கப் பூட்டிய அறையில் விடுவது பாவம். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். கடையில் ரூபாய் நாணயம் அளவில் இருக்கும் சிவப்புக் காது ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், இருபது வருடத்துக்கு மேலும் வாழும். உங்கள் பட்டம் நாலு வருடம்தான். கோல்டு ஃபிஷ்ஷும் நன்றாகப் பெரிதாகும் மீன், சின்னத் தொட்டிக்கு ஆகாது.

மிச்சம் இருப்பது ஃபைட்டர் மீன். தாய்லாந்துப் பக்கத்து வயல்வெளி நீரிலிருந்து வந்தது. 2019-இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தனியாக இருப்பதுதான் இதற்குப் பிடிக்கும். இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் கிழித்துக்கொள்ளும் என்பது பெயரிலேயே இருக்கிறது. நம் ஊர்ச் சூடும் ஒத்துவரும். என் பதில் இதுதான்.

ஆனால் சென்னை கொளத்தூரில் ஆகட்டும், உங்கள் ஊர்க் கடையில் ஆகட்டும், இந்த மீனை ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் வைத்துத்தான் விற்பார்கள். "மோட்டாரே வேண்டாம், இந்தத் தண்ணி போதும்" என்று சொல்வார்கள். அதில் பாதி உண்மை. அந்தப் பாதி எவ்வளவு அழகானது என்று முதலில் பார்த்துவிடலாம்.

அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். வாயுவாக அளந்தால் 6 மில்லிலிட்டர் இருக்கும். ஒரு லிட்டர் காற்றிலோ 210 மில்லிலிட்டர். தலைக்கு மேலேயே முப்பத்தைந்து மடங்கு ஆக்சிஜன் இருந்தும் மீன்களால் ஏன் அதை எடுக்க முடிவதில்லை? செவுள் என்பது மெல்லிய இதழ்களின் அடுக்கு. தண்ணீர் தாங்குவதால்தான் அந்த இதழ்கள் விரிந்து நிற்கின்றன. வெளியே எடுத்ததும் நனைந்த புத்தகத்தின் பக்கங்கள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்று சுற்றிலும் இருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாவது இதனால்தான்.

ஃபைட்டர் மீனின் செவுளுக்கு மேலே, தலைக்குள் இரண்டு பக்கமும் ஒரு சின்ன அறை இருக்கிறது. இதழ்களைத் தாங்கும் முதல் செவுள் வளைவின் எலும்பு அந்த அறைக்குள் நீண்டு, தகடு தகடாக மடிந்து மடிந்து வளர்ந்திருக்கிறது. தகடுகளின் மேல் ரத்த நாளங்கள் நிறைந்த மெல்லிய சவ்வு. வளைந்து வளைந்து போகும் அமைப்பு என்பதால் இதற்கு லேபிரிந்த் உறுப்பு என்று பெயர். புதிர்ப்பாதை உறுப்பு என்று சொல்லலாம். உள்ளே எலும்பு தாங்குவதால் காற்றிலும் இந்த மடிப்புகள் ஒட்டிக்கொள்வதில்லை. மீன் மேலே வந்து வாயால் ஒரு மிடறு காற்றை எடுத்து, இந்த அறையில் அடைத்துக்கொண்டு கீழே போகிறது. நுரையீரல் இல்லாத ஓர் உயிர், செவுளின் எலும்பை வைத்தே காற்றில் மூச்சு விடக் கற்றிருக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதே உறுப்பு நம் குளத்து மீன் ஒன்றுக்கும் உண்டு, பனையேறிக் கெண்டைக்கு. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர், குளக்கரைப் பனை மரத்தில் தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது. காக்கையோ பருந்தோ கொண்டுபோய் மரத்தில் போட்டிருக்கும் என்று பின்னால் வந்த விலங்கியலாளர்கள் சொன்னார்கள். மரம் ஏறுகிறதோ இல்லையோ, மழை நாளில் ஈரத் தரையில் ஊர்ந்து ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போவது உண்மை. மேலே வர விடாமல் தண்ணீருக்குள்ளேயே அடைத்து வைத்தால் இந்த மீன் மூழ்கிச் செத்துவிடும்!

இன்னும் நுட்பமான ஒரு சங்கதி இருக்கிறது. நம் உடலில் நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தத்துக்கு இதயத்தில் தனி வழி உண்டு. மீனின் இதயத்தில் ஒரே வழிதான். லேபிரிந்த் உறுப்பில் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் உடலிலிருந்து வரும் கெட்ட ரத்தத்தோடு கலந்து இதயத்துக்குப் போய், மறுபடி செவுள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியே ஆக்சிஜன் வற்றிய குளத்துத் தண்ணீர் இருந்தால், சேர்த்த ஆக்சிஜன் செவுள் வழியே அதில் கசிந்து போகாதா? அதற்கும் வழி இருக்கிறது. பனையேறிக் கெண்டையில் முன்பக்கத்து இரண்டு செவுள் வளைவுகள் லேபிரிந்துக்கு ரத்தம் அனுப்புகின்றன. உடலுக்கு அனுப்பும் பின்பக்கத்து இரண்டிலும் இதழ்கள் குறைவு, ரத்தம் பெரிய நாளங்களில் விரைந்து கடந்துவிடும். கசிவும் குறைகிறது.

காற்றில் மூச்சு விடும் நம் நாட்டு மீன்களைப் பற்றி பீகாரின் பாகல்பூரில் ஜே. எஸ். தத்த முன்ஷியும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டு ஆராய்ந்தார்கள். பெரிய கருவி, பெரிய நகரம் என்று போகும் ஆராய்ச்சிப் பணத்தில் கொஞ்சம் இப்படிச் சிறிய ஊர்க் கல்லூரிகளுக்கும் குளத்து மீனுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, கடைக்காரர் சொல்லாத பாதிக்கு வருவோம். லேபிரிந்த் உறுப்பின் வேலை ஆக்சிஜனை உள்ளே எடுப்பது. மீன் வெளியேற்றும் அம்மோனியா அந்த வழியே போகாது, செவுள் வழியாகத் தண்ணீரில்தான் கலக்கும். டம்ளரில் மீனுக்கு மூச்சு முட்டாது, ஆனால் தன் கழிவிலேயே அது வெந்துகொண்டிருக்கும். தண்ணீரின் காரத்தன்மை கூடக் கூட அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். காரத்தன்மையைக் காட்டும் எண்தான் பிஹெச். 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பிஹெச் 8 என்றால் அது நூற்றில் ஐந்தைத் தாண்டிவிடும். காரமான போர் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் கூழாங்கல்லிலும் குடியேறும். இடையில் வரும் நைட்ரைட்டும் நஞ்சுதான். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்து ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும்; அப்போது மேலே வந்து எத்தனை மிடறு காற்றைக் குடித்தாலும் பலனில்லை. இரண்டு கட்டத்துக்கும் தனித்தனி பாக்டீரியாக்கள் வேண்டும் என்று நூறு வருடத்துக்கு மேல் நம்பியிருந்தோம். 2015-இல்தான் இரண்டையும் தானே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சில கிடைத்தது ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டரில்!

ஃபில்டரில் இந்த பாக்டீரியாக்கள் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விட்டால், இரண்டாவது வாரம் அது செத்து மிதப்பது இதனால்தான். "உன் மேல் இருந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்று அப்போது பெரியவர்கள் சொல்வார்கள். கல்லூரி நாளில் என் முதல் ஃபைட்டர் ஊறுகாய் பாட்டிலில் செத்தபோது என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஆறுதலாகச் சொன்னதுதான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த நம்பிக்கை எனக்குக் கோபத்தைத் தருகிறது. திருஷ்டி என்று சொல்லிவிட்டால் தண்ணீரை யாரும் சோதிக்க மாட்டார்கள். அடுத்த மீனும் அதே பாட்டிலில் அதே மாதிரி சாகும்.

அதனால், தங்கையே, தொட்டியை இந்த மாதம் வாங்குங்கள், மீனை அடுத்த மாதம் வாங்குங்கள். 15 முதல் 20 லிட்டர் பிடிக்கும் தொட்டியும், ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். மூடி வைத்து, தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் நாலு விரல் இடம் விடுங்கள். மீன் வரும்வரை தினம் இரண்டு தீனி உருண்டையைப் போட்டு அழுக விடுங்கள், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. நண்பர் வீட்டுப் பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் கிடைத்தால் காத்திருக்கும் நாள் நன்றாகக் குறையும். சோதனைச் சொட்டு மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் மீனை விடலாம். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் சரி. குழாய்த் தண்ணீரானால் ஆன்டி குளோரின் சேர்த்து ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை மட்டும் குழாயடியில் கழுவிவிடாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள்.

தீபாவளிக்கு நாலு நாள் ஊருக்குப் போனால் வளர்ந்த மீன் தீனி இல்லாமல் தாங்கும், போகிற அவசரத்தில் நிறையக் கொட்டிவிட்டுப் போவதுதான் ஆபத்து. ஏர் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கட்டும். செமஸ்டர் விடுமுறைக்கு மீனைக் கூடவே கொண்டுபோவதானால், பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு மிச்சத்தில் காற்றை அடைத்துக் கட்டுங்கள்; ஆக்சிஜன் சிலிண்டர் தேட வேண்டாம், அறைக் காற்றே அதற்குப் போதும். ஸ்பாஞ்சை இன்னொரு பையில் தொட்டித் தண்ணீரோடு போட்டு, காயாமல் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு வாளி கிடைத்தால் அதில் இரண்டையும் இறக்கிவிடலாம்.