பார்க்கவே இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

திரையில் ‘9’ என்ற எண் வெறும் 43 மில்லி விநாடி வந்து போகிறது. முன்னும் பின்னும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் வந்து அதை மூடிவிடுவதால், பார்த்தவரைக் கேட்டால் எண் எதுவும் தெரியவில்லை என்பார். அடுத்து இன்னொரு எண் தெளிவாக வரும். அது 5-ஐ விடப் பெரியதா சிறியதா என்று வலது கையாலோ இடது கையாலோ பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு எண்களும் 5-க்கு ஒரே பக்கம் இருந்தால் பதில் கொஞ்சம் வேகமாக வருகிறது. 1998-இல் பிரெஞ்சு மூளை ஆய்வாளர் தெஹேனின் குழு இதைச் செய்து பார்த்தபோது, ஒளிந்து வந்த எண்ணுக்கே மூளையில் கையை அசைக்கும் பகுதி தயாராகத் தொடங்கியது பதிவானது.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத விளம்பரத்தைக் காட்டி எதையும் வாங்க வைத்துவிடலாமா? 1957-இல் அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் ஜேம்ஸ் விக்கரி சினிமாத் திரையில் அப்படிக் காட்டி பாப்கார்ன் விற்பனையைக் கூட்டியதாகச் சொன்னார்; ஐந்து வருடம் கழித்து அது வெறும் விளம்பர உத்தி என்று அவரே ஒப்புக்கொண்டார். அதை விட்டுவிடலாம்.

ஆய்வாளர்களுக்குள் உண்மையான சண்டை, ஒருவர் நிஜமாகவே பார்க்கவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது என்பதில்தான். மங்கலாக ஏதோ தெரிந்தும், உறுதியில்லாததால் ‘இல்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. அதனால் பெரியதா சிறியதா என்று ஊகிக்கவாவது சொல்லி, பாதிக்குப் பாதிதான் சரியாக வருகிறதா என்று பார்க்கிறார்கள். முந்தைய ஆய்வுகள் பலவற்றில் இந்தச் சோதனையே ஒழுங்காக நடக்கவில்லை என்று 1986-இல் உளவியலாளர் ஹோலெண்டர் நீளமாக வாதிட்டார்.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். எல்லோரையும் சோதித்துவிட்டு, பாதிக்குப் பாதி வாங்கியவர்களை மட்டும் ‘பார்க்காதவர்கள்’ என்று பிரித்தெடுத்தால், ஓரளவு பார்த்தும் அன்றைக்கு ஊகம் சரியாக அமையாமல் போனவர்களும் அந்தப் பட்டியலில் புகுந்துவிடுவார்கள். மறுபடி சோதித்தால் அவர்களுடைய மதிப்பெண் ஏறும். உளவியலாளர் டேவிட் ஷாங்க்ஸ் 2017-இல் காட்டியது இதைத்தான்: யாருமே நனவில்லாமல் எதையும் உணராவிட்டாலும் இந்த முறையில் விளைவு இருப்பதுபோலத் தெரியும்.

அப்புறம், ஒளிந்து வந்த சொல்லில் மூளை படிப்பது அதன் அர்த்தத்தையா, எழுத்துத் துண்டுகளையா? 2000-இல் உளவியலாளர்கள் ஏப்ரம்ஸும் கிரீன்வால்டும் டியூலிப், ஹியூமர் போன்ற ஆங்கிலச் சொற்களை ‘இனியவை’ என்று வகைப்படுத்தப் பழக்கினார்கள். பிறகு இரண்டின் துண்டுகளும் சேர்ந்த டியூமர் என்ற சொல்லை ஒளித்துக் காட்டினால், கட்டி என்று பொருள்படும் அந்தச் சொல்லும் இனிய சொல்லாகவே வேலை செய்தது!

எண்களுக்கும் இதே கதிதானா, முன்பே தெளிவாகப் பார்த்துப் பொத்தானை அழுத்திப் பழகியதால் வரும் விளைவுதானா? நக்காஷும் தெஹேனும் 2001-இல், வெளிப்படையாக ஒருமுறைகூடக் காட்டாத எண்களை ஒளித்துக் காட்டிப் பார்த்தார்கள். விளைவு அப்போதும் இருந்தது. எண்கள் விஷயத்தில் இதை நம்புகிறேன், முழுச் சொற்களின் பொருளுக்கு இன்னும் வலுவான ஆதாரம் வேண்டும்.