கற்பூரமா, சூடமா?

நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே "கற்பூரம் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "ஏத்துறதுக்கா, பொங்கலுக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தச் சொல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சாமிக்கு ஏற்றிக் காட்டுவது சூடம். சர்க்கரைப் பொங்கலிலும் பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் கரைவது பச்சைக் கற்பூரம். பொருள் வேறு, பயன் வேறு. பெயர்தான் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

வடமொழியில் இது கர்ப்பூரம். தர்மம் தருமம் ஆனதுபோல, நடுவில் ஓர் உகரம் ஏறித் தமிழில் கருப்பூரம் ஆயிற்று. கற்பூரம் என்பது அதன் இன்னொரு வடிவம். வடமொழிக்கும் இது கடல் கடந்து வந்த சொல்தான் என்று கருதும் மொழியறிஞர் உண்டு. மலாய் மொழியில் கற்பூரத்தின் பெயர் காப்பூர். சுண்ணாம்புக்கும் அதுவே பெயர். அரபியில் காஃபூர். சுமத்திரா, போர்னியோ காடுகளில் ஓங்கி வளரும் ஒரு மரத்தின் உள்வெடிப்புகளில் வெள்ளை வெள்ளையாக உறைந்து கிடப்பதே பழைய வணிகர்கள் தேடிப்போன கற்பூரம். அது கப்பலேறிய துறைமுகம் சுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ்.

அந்த ஊரைத் தமிழர் நன்றாக அறிந்திருந்தனர். கீழைக் காற்றோடு மதுரைக்குள் வந்த பொருள்களைச் சொல்லும்போது சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, "அகிலும் துகிலும் ஆரமும் வாசமும் தொகு கருப்பூரமும்" என்கிறது. அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் கருப்பூர வகைகளைக் கடைச்சரக்குப் பட்டியல்போல அடுக்குகிறார். வாரோசு, சூடன், சீனச்சூடன் எல்லாம் அதில் வருகின்றன. வாரோசு என்பது பாருஸ்தான். பாருஸை அடுத்த லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. வெட்டி வைத்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவினர். கற்பூரம் என்ற ஒரு சிறு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு கடல் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சூடன் என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். சூடு என்பதிலிருந்து பிறந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் உரையில் அது ஒரு சரக்கின் பெயராகவே நிற்கிறது.

பழம்பாடல்களில் கருப்பூரம் என்றால் மணம். "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று ஆண்டாள் சங்கைக் கேட்கிறாள். அந்தக் காலத்தில் நாறுதல் என்றால் கமழ்தல். கண்ணனின் வாய் மணத்துக்கு அவள் முதலில் எடுத்த ஒப்பு இது.

இன்று நாம் ஏற்றும் சூடம் வேறு சரக்கு. சீனம், ஜப்பான், தைவான் பக்கத்து மரத்தைச் சீவிக் காய்ச்சி எடுத்தது ஒரு காலம். இப்போது பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்கிறார்கள். திறந்து வைத்தால் உருகாமலே காற்றில் கரைந்துபோகும், ஏற்றினால் சாம்பல் வைக்காமல் எரிந்து தீரும். சைவர்கள் அதில் ஆன்மாவைக் கண்டார்கள்: மலம் என்னும் உயிரின் அழுக்கு நீங்கி, தனக்கென்று எதுவும் மிஞ்சாமல் இறைவனோடு ஒன்றுவது. சாம்பல் இல்லை என்பது உண்மை, புகைக்கரி உண்டு. அதனால்தான் பல கோயில்களில் கருவறைக்குள் நெய்விளக்கு மட்டுமே காட்டுகிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒளி காட்டுவதுதானே தீபாராதனை!

தமிழில் எப்படிச் சொல்வது? எரிப்பதைச் சூடம் என்றும், கமழ்வதைப் பச்சைக் கற்பூரம் என்றும் பிரித்தே சொல்லலாம். எழுத்துநடைக்குக் கருப்பூரம் அழகான வடிவம், தயங்காமல் எழுதலாம். இரண்டையும் கற்பூரம் என்று பொதுவில் சொல்வதில் ஆபத்தும் இருக்கிறது. சூடத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரக்கூடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பேச்சுவழக்கு இந்த வேறுபாட்டை மறக்கவில்லை. கழுதைக்குத் தெரியாதது கற்பூர வாசனை. ஊர்ப் பஞ்சாயத்தில் ஏற்றி, அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது சூடம்.