அவலோகிதன்: சொல்லும் பட்டோவியமும்

அவலோகிதேஸ்வரரா, அவலோகிதேசுவரரா? கருணையின் வடிவான போதிசத்துவரின் (எல்லா உயிர்களுக்காகவும் புத்த நிலையை நாடுபவர் போதிசத்துவர்) பெயரை எப்படி எழுதுவது என்று, பௌத்த ஓவியங்களைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர்களுக்கு வரும் தயக்கம் இது. இரண்டுமே வேண்டாம். 11ஆம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கண நூலான வீரசோழியத்தில் புத்தமித்திரர் ‘அவலோகிதன்’ என்று அழகாகச் சொல்லிவிட்டார். அகத்தியர் தமிழ் கேட்டதே இவரிடம்தான் என்கிறது அந்நூலின் பாயிரம். மரியாதை வேண்டுமென்றால் ‘அவலோகிதர்’ என்போம்.

வடமொழியில் ‘அவலோகித’ என்பது கீழ்நோக்கிப் பார்ப்பதைக் குறிக்கும். ‘ஈஸ்வர’ தலைவர். துயருறும் உயிர்களை நோக்கியிருக்கும் தலைவர் என்று பொருள் சொல்வது வழக்கம். ஆனால் மத்திய ஆசியாவில் கிடைத்த பழைய ஏட்டுத் துண்டுகளில் ‘அவலோகிதஸ்வர’ என்றே இருக்கிறது. ‘ஸ்வர’ என்றால் ஒலி. 406இல் தாமரைச் சூத்திரம் என்ற மகாயான பௌத்த நூலைச் சீனத்தில் பெயர்த்த குமாரஜீவர் எடுத்தாண்ட ‘குவான்ஷியின்’ என்ற பெயருக்கும் உலகின் குரலைக் கவனிப்பவர் என்றுதான் பொருள். 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங், அது பிழை, ஈஸ்வரர்தான் சரி என்று வாதிட்டுப் பார்த்தார். ஊர் கேட்கவில்லை, இன்றும் சீனாவில் அவர் குவான்யின்தான்.

சரி, படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? வடமேற்குச் சீனாவிலுள்ள துன்ஹுவாங்கின் 17ஆம் குகையிலிருந்து 1907இல் ஆய்வுப் பயணிகளான ஆரல் ஸ்டைனும் மறு ஆண்டு போல் பெலியோவும் எடுத்துச் சென்ற பட்டோவியங்கள் லண்டன், பாரிஸ், டெல்லி அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பலவும் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. புத்தருக்குத் துறவியின் ஆடை. போதிசத்துவருக்கோ இளவரசனைப் போல மணிமுடி, ஆரம், கடகம், தோளில் வழியும் மேலாடை. மொட்டைத் தலைத் துறவியாக வரும் க்ஷிதிகர்பர் மட்டும் விதிவிலக்கு.

நகைகளை விட்டுவிட்டு முடியைப் பாருங்கள். அதில் சிறிய அமிதாப புத்தர் அமர்ந்திருந்தால் அவர் அவலோகிதர். அதே இடத்தில் குடுவை இருந்தால் மகாஸ்தாமபிராப்தர் என்ற வேறொரு போதிசத்துவர். அவலோகிதர் கையில் தாமரையோ, நோய் தீர்க்கும் வில்லோ மரக்கிளையோ, நீர்க்கலமோ இருக்கும். அந்தக் கலத்துக்குக் ‘குண்டிகை’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்க, ‘பாட்டில்’ என்று எழுதுவானேன்?

அப்புறம் மீசை. இந்த ஓவியங்கள் பலவற்றில் அவலோகிதருக்கு மெல்லிய மீசை உண்டு. குவான்யினின் பெண்ணுருவம் சீனத்தின் சோங் அரச மரபின் காலம் (10–13ஆம் நூற்றாண்டுகள்) தொட்டுத்தான் மெல்லப் பரவியது. ஆகவே துன்ஹுவாங் படத்தின் கீழே ‘கருணைத் தேவி’ என்று எழுதிவிடாதீர்கள்.