நாள் தள்ளியும் ஒற்றைக் கோடு ஏன்?

நாள் தள்ளிப்போய், மார்பகம் கனத்து, சோர்வும் வயிற்று உப்புசமும் சேர்ந்திருக்கும் வேளையில், மருந்துக் கடையில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனை அட்டை 'கரு இல்லை' என்று பொருள்படும் ஒற்றைக் கோட்டையே காட்டினால், உடலை நம்புவதா அட்டையை நம்புவதா என்ற குழப்பம் எழுவது இயல்பே. பெரும்பாலும் இரண்டையும் நம்பலாம். அவை வெவ்வேறு ஹார்மோன்களைப் பற்றிப் பேசுகின்றன.

கருமுட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த நுண்பை கார்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் நிறத் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. கரு உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் ஏறக்குறைய இரு வாரங்கள் இச்சுரப்பு நடக்கும். மார்பக வலி, உப்புசம், மலச்சிக்கல், அசதி ஆகியவற்றில் பெரும்பங்கு இதற்கு உண்டு என்பதால், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இவற்றை மட்டும் வைத்துக் கருத்தரிப்பை அறிய முடியாது. மசக்கை வாந்திகூட, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், பொதுவாக 6ஆம் வாரத்தையொட்டித்தான் தொடங்குகிறது.

அட்டை தேடுவது எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனை. கருமுட்டை வெளியேறிய 6 முதல் 12 நாட்களுக்குள் கரு கருப்பையில் பதிந்த பின்னரே இது இரத்தத்திலும் சிறுநீரிலும் தென்படும். பிறகு இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். பல அட்டைகளில் இரண்டாவது கோடு தெரிய ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 25 மில்லி பன்னாட்டு அலகு தேவை. சிறுநீர் வரட்டும் என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சோதித்தால், இருக்கும் சிறிதளவும் நீர்த்துவிடும். காலையின் முதல் சிறுநீரைக் கேட்பது இதனால்தான்.

உண்மையில் அதிகம் ஏமாற்றுவது நாட்காட்டிதான். மன அழுத்தம், நீர்க்கட்டிப் பிரச்சினை, தைராய்டு கோளாறு, தாய்ப்பால் ஊட்டுதல் போன்றவற்றால் கருமுட்டை பத்து நாள் தாமதமாக வெளியேறினால், 'நாள் தள்ளிவிட்டது' என்று நாம் எண்ணும் நாளில் கரு பதிந்தேகூட இருக்காது. முட்டையே வெளியேறாத சுழற்சியில், கருவும் இல்லாமல் மாதவிடாயும் இல்லாமல் வாரங்கள் கடக்கலாம்.

அரிதாக, எச்.சி.ஜி. மிகுதியாலும் கோடு மறையும். சாயம் ஏற்றிய ஓர் எதிர்ப்பொருளும் அட்டையில் நிலைநிறுத்திய மற்றொன்றும் ஒரே எச்.சி.ஜி. மூலக்கூறை இருபுறமும் பற்றினால்தான் நிறம் தோன்றும். நஞ்சுக்கொடித் திசு இயல்புக்கு மாறாகப் பெருகும் முத்துப்பிள்ளை கர்ப்பத்தில் நிகழ்வதுபோல ஹார்மோன் பெருவெள்ளமாக இருந்தால், இரண்டும் தனித்தனி மூலக்கூறுகளால் நிரம்பிவிடும், இணைப்பு உருவாகாது. அதே சிறுநீரை நீர்த்துச் சோதித்தால் கோடு தோன்றக்கூடும் என்பது விந்தையான உண்மை.

மூன்று நாள் முதல் ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்கலாம். அப்போதும் மாதவிடாய் வராவிட்டால் இரத்தப் பரிசோதனை தெளிவு தரும். ஆனால் அடிவயிற்றில் கடும் வலி, இரத்தக்கசிவு, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவை இருந்தால், கருக்குழாயில் கரு தங்கியிருக்கக்கூடும். அங்கே எச்.சி.ஜி. பல வேளைகளில் மெதுவாகவே உயர்வதால், அட்டை என்ன காட்டினாலும் அன்றே மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டும்.