உணவுச் சங்கிலியா, உணவுத் தொடரா?

சென்னையில் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையிடம் ‘உணவுச் சங்கிலி’ என்றால் கொஞ்சம் யோசிக்கும். ‘ஃபுட் செயின்’ என்றால் போதும், புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று ஒப்பித்துவிடும். எதை எது தின்கிறது என்கிற வரிசைதான் அது. வரையும்போது அம்புக்குறி இரையிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும். ஆற்றல் போகிற திசை அது. பாம்புதானே தவளையைப் பிடிக்கிறது என்று அம்பைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள் பலர்.

ஆங்கிலச் சொல்லைச் சூழலியலில் பரப்பியவர் சார்லஸ் எல்டன். 1927இல் வந்த தம் நூலில் இதை விரிவாக எழுதினார். பல சங்கிலிகள் பின்னிக் கிடப்பதை அவர் ‘உணவுச் சுழற்சி’ என்றார். ‘உணவு வலை’ பிறகு நிலைத்த பெயர், நல்லவேளை! ஆற்றல் சுற்றி வருவதில்லை. படிக்குப் படி பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்து, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே போகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். பாடநூலில் உள்ள ‘சங்கிலி’, வடமொழி ‘சிருங்கலா’விலிருந்து வந்தது. ‘உணவுத் தொடர்’ என்றால், தொடர் எப்படிச் சங்கிலி ஆகும் என்று கேட்கிறார்கள். புறநானூற்றின் 74ஆம் பாட்டில் ‘தொடர்ப்படு ஞமலி’ என்று வருகிறது. சங்கிலியில் கட்டிய நாய் என்று பொருள். சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை தன் நிலையை அப்படிச் சொல்கிறான். ஆக, தொடர் பழைய சங்கிலியேதான். என் ஓட்டு அதற்கே. அதற்காக விடைத்தாளில் ‘சங்கிலி’யை அடிக்க வேண்டியதில்லை.

‘வலை’ தமிழ்ச் சொல்தான். ‘உணவு வலை’ என்று ஒற்றில்லாமல் எழுதினால் போதும்.

வலையை விளக்கப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள நீலத் தாழைக்கோழி சம்புத் தண்டைக் காலால் பிடித்துக்கொண்டு கடித்துத் தின்னும். அப்புறம் நத்தையையும் விடாது, பிற பறவைகளின் முட்டையையும் விடாது. இதைச் செடியைத் தின்னும் முதல்நிலை நுகர்வோர் என்பதா, செடி தின்பதைத் தின்னும் இரண்டாம்நிலை என்பதா? ஒற்றை வரிசையில் இதற்கு இடமில்லை. குளிர்காலத்தில் வரும் சேற்றுப் பூனைப்பருந்தோ தவளை, எலி, சிறு பறவை என்று கிடைத்ததைப் பிடிக்கும். பாக்டீரியா, பூஞ்சை போன்ற சிதைப்பான்களையும் மறக்காமல் வரையச் சொல்லுங்கள். செத்தது எதுவானாலும் அதிலிருந்து அவற்றுக்கு ஓர் அம்பு உண்டு.