எண்ணெய் எங்கிருந்து கெடத் தொடங்குகிறது?

எண்ணெய்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "இதுல கொலஸ்ட்ரால் இருக்குமா சார்?" என்பதுதான். இருக்காது. கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடலில் உருவாகும் பொருள். தாவர எண்ணெய் எதிலும் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது கிடையாது. 'கொலஸ்ட்ரால் அற்றது' என்று லேபிளில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அதே அலமாரியில் இருக்கும் மற்ற தாவர எண்ணெய்களுக்கும் அது பொருந்தும். கலோரியும் அப்படித்தான். 'லைட்' என்று எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராமுக்குச் சுமார் 9 கிலோ கலோரி.

அப்படியானால் ஓர் எண்ணெய்க்கும் இன்னொன்றுக்கும் என்னதான் வேறுபாடு? எல்லாமே டிரைகிளிசரைடு: ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த மூலக்கூறு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் செவ்ரல் சோப்பை ஆராயப்போய்க் கண்டுபிடித்த அமைப்பு இது. எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்ந்தால் கிளிசரால் தனியே பிரிந்துவிடும். கொழுப்பு அமிலங்களின் சோடியம் உப்புதான் நாம் தேய்த்துக் குளிக்கும் சோப்பு. யூகலிப்டஸ், லவங்கம் போன்ற வாசனைத் தைலங்கள் இந்தக் குடும்பமே அல்ல. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சமையல் எண்ணெயின் கறை அப்படியே நிற்கும், தைலத்தின் கறை பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய்தானே என்று அவற்றை வாயில் ஊற்றக் கூடாது. யூகலிப்டஸ் தைலம் சில மில்லி உள்ளே போனாலே குழந்தைகளுக்கு ஆபத்து.

வேறுபாடு அந்தக் கொழுப்பு அமிலங்களின் கார்பன் சங்கிலியில் இருக்கிறது. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே (இரு கார்பன்களை இரண்டு கைகளால் கோத்ததுபோன்ற இணைப்பு) இல்லாவிட்டால் அது நிறைவுற்ற கொழுப்பு. நேரான குச்சிகளைக் கட்டாக அடுக்குவதுபோல இவை நெருங்கி அடுக்கிக்கொள்ளும், அதனால் எளிதில் உறையும். இரட்டைப் பிணைப்பு வரும் இடத்தில் சங்கிலி வளைகிறது; நெருங்கி அடுக்க முடியாது, எண்ணெய் திரவமாகவே இருக்கும். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்றது. ஆகவே 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிறது. உறைந்த எண்ணெயைப் பார்த்து மெழுகு கலந்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். உறைவது அதன் இயல்பு.

இரட்டைப் பிணைப்பு இதயத்துக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்கிறோம், அது சரிதான். ஆனால் எண்ணெய் கெடத் தொடங்குவதும் அதே இடத்தில்தான். இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்து கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கழன்றதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே ஒட்டிக்கொள்கிறது. பெராக்சைடு உருவாகிறது, அது அடுத்த மூலக்கூறைத் தாக்குகிறது, வினை சங்கிலியாகப் போகிறது. ஒரு இரட்டைப் பிணைப்புள்ள ஒலிக் அமிலத்தைவிட இரண்டு உள்ள லினோலிக் அமிலம் ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாகக் கெடும். மூன்று உள்ள லினோலெனிக் இன்னும் வேகம்.

இதைச் சோதிக்கும் முறை எளிது. எண்ணெயைக் கரைத்துப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால், பெராக்சைடு இருக்கும் அளவுக்கு அயோடின் விடுபடும். ஸ்டார்ச் விட்டதும் கரு நீலம். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும் வரை எவ்வளவு செலவானது என்று கணக்கிடுவோம். இப்படிக் கிடைப்பது பெராக்சைடு எண்; சுத்திகரித்த எண்ணெய்க்கு இது 10-ஐத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. ஆனால் எண் குறைவாக வந்தாலே எண்ணெய் நல்லது என்று நாங்கள் எழுதிக் கொடுத்துவிட மாட்டோம். பெராக்சைடு ஏறி, பிறகு உடைந்து ஆல்டிஹைடுகளாக மாறி இறங்கிவிடும். சிக்கு வாடை அடிப்பது அந்த ஆல்டிஹைடுகளால்தான். மிகப் பழைய எண்ணெய் இந்தச் சோதனையில் இளசாகத் தெரியலாம். ஆல்டிஹைடை அளக்கும் அனிசிடின் சோதனையில் பிடிபட்டுவிடும். உங்களிடம் இருக்கும் கருவி மூக்கு. அதை நம்புங்கள்.

வெளிச்சம், சூடு, காற்று, செம்பு, இரும்பு இந்த ஐந்தும் வினையை வேகப்படுத்தும். கண்ணாடி பாட்டிலில் ஜன்னலோரம் வைப்பது எண்ணெயைக் கெடுப்பதற்கான வழி. பெரிய டின்னில் கால்வாசி எண்ணெயும் முக்கால்வாசி காற்றுமாக மாதக்கணக்கில் வைத்திருப்பதும் அப்படித்தான். சிறிய பாத்திரமாக வாங்கி, இருட்டில் மூடி வையுங்கள். செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. கொழுப்பு அமிலங்கள் இரண்டிலும் ஒன்றுதான். செக்கில் வாசனையும் வைட்டமின் ஈ-யும் கூடுதலாகத் தங்கும், ஆனால் சீக்கிரம் புகையும்.

பொரிக்கும்போது இன்னொரு சேதமும் சேர்கிறது. உணவிலிருந்து வரும் நீர், டிரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. அவை கூடக் கூட எண்ணெய் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைகிறது. கண்ணைக் கரிக்கும் அந்தப் புகையில் இருப்பது அக்ரோலின். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி எண்ணெய் கெட்டியாகிறது, நுரை அடங்காமல் நிற்கிறது. நுரை, பிசுபிசுப்பு, கரிக்கும் புகை இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் கொட்டிவிடுங்கள். பழைய எண்ணெயில் புதிய எண்ணெயை ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. பழையதில் ஏற்கெனவே இருக்கும் பெராக்சைடு புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

இரட்டைப் பிணைப்பை அரைகுறையாக ஹைட்ரஜனால் நிரப்பியதில் வந்ததுதான் டிரான்ஸ் கொழுப்பு. ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் காப்புரிமை பெற்ற முறை அது. மலிவான எண்ணெயைக் கெடாத கெட்டிக் கொழுப்பாக்கித் தந்தது. இதய நோய்க்கு அது காரணமாகிறது என்று தெரிந்த பிறகு, தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பையே உணவிலிருந்து ஒழிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். லேபிளில் 'பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்' என்றிருந்தால் வாங்காதீர்கள்.

சமையலில் கெடுதல் செய்யும் அதே வினை வேறு இடத்தில் வேலைக்கு ஆகிறது. ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். மரத்தில் பூசினால் அது தண்ணீர்போல ஆவியாகி உலர்வதில்லை, ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு பின்னிப் பிணைந்து படலமாக இறுகுகிறது. ஓவியர்களின் எண்ணெய் வண்ணங்கள் இப்படித்தான் நிற்கின்றன. வினையில் சூடு வெளிவரும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆளி எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். 1991-இல் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டிடம் எரிந்தது அப்படிப்பட்ட துணிகளால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். வார்னிஷ் வேலை முடிந்ததும் துணிகளை ஒன்றின்மேல் ஒன்று போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் முக்கி வையுங்கள்.